புகை வந்த ட்ரோனில் மோட்டாரை நம்பலாமா?



ஐந்து இன்ச் புரொப்பெல்லர் ட்ரோனில் பேட்டரியைச் செருகியதும் புகை வந்தால் எல்லோருடைய சந்தேகமும் முதலில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி மேல்தான் விழும். அது நியாயம்தான். ஒரு மோட்டாரின் மூன்று ஒயர்களுக்கும் மாறி மாறி மின்சாரம் அனுப்ப அதில் ஆறு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலே போதும். பலரும் உடனே புது இஎஸ்சி வாங்கி, பழைய மோட்டாரை அதில் சால்டர் செய்து, பேட்டரியைக் கொடுத்துவிடுகிறார்கள். மோட்டாரின் காயிலில் ஷார்ட் இருந்தால் புதுசும் அந்த நொடியே புகையும். அதனால் மோட்டார் நல்லதுதானா என்று தெரிந்துகொண்ட பிறகே அதைப் புது இஎஸ்சியில் சால்டர் செய்ய வேண்டும்.

புரொப்பெல்லரைக் கழற்று. பேட்டரியையும் எடுத்துவிடு.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒயர்கள் இஎஸ்சியில் இருக்கும்போதே மோட்டாரைக் கையால் சுற்றிப் பார். நல்ல மோட்டாரும் காந்தங்களின் இழுப்பால் லேசாக விட்டு விட்டுத்தான் சுற்றும். அதைக் கண்டு பயப்படாதே. பக்கத்து மோட்டாரைவிட இறுக்கமாக, யாரோ பிரேக் பிடிப்பதுபோல் இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. இப்போது மூன்று ஒயர்களின் சால்டரையும் நீக்கி, ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்து மறுபடி சுற்று. இறுக்கம் போய்விட்டால் பழுது இஎஸ்சியில். போகாமல், வேகமாகச் சுற்றச் சுற்றக் கூடினால் காயிலுக்குள்ளேயே ஷார்ட். மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால் அது பேரிங், இல்லையென்றால் உள்ளே புகுந்த தூசி. அது வேறு வைத்தியம்.

அடுத்து காயிலைப் பார், மோந்தும் பார். எனாமல் கருகிய வாடை, காயில் கட்டும் கடைக்குள் ஒருமுறை போனவர்களுக்கு மறக்காது. காயில் சுற்றிய பற்களில் தாமிர நிறம் கறுத்திருப்பதைக் கண்டுபிடி. மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூ நீளம் அதிகமானால் அது நேராகக் காயிலில் போய்க் குத்தும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைக் கண்டறிய மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டார் ஒயரிலும் மறுமுனையை மோட்டாரின் உலோக உடலிலும் வை. சத்தம் வரவே கூடாது. வந்தால் பாடி ஷார்ட். கார்பன் ஃபைபர் ஃப்ரேமிலும் மின்சாரம் பாயும் என்பதால் அந்தக் கோளாறு மோட்டாரோடு நிற்காது.

ஒயருக்கும் ஒயருக்கும் இடையே பீப் கேட்பதை வைத்து மட்டும் மோட்டாருக்கு நற்சான்று கொடுத்துவிடாதே. 2207 அளவு மோட்டாரின் காயில் தடை சில பத்து மில்லி ஓம்தான். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. முக்கோண (டெல்டா) இணைப்பில் ஒரு காயில் அறுந்திருந்தாலும் மற்ற இரண்டின் வழியாக மின்சாரம் ஓடி, மூன்று ஜோடியிலும் பீப் வந்துவிடும்.

சரியான வழி இது. பெஞ்ச் பவர் சப்ளையில் மின்னோட்டத்தை 1 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி இரண்டு ஒயர்கள் வழியே செலுத்து. மோட்டாருக்குப் பக்கத்தில் மில்லிவோல்ட்டை அள. 1 ஆம்பியர் என்பதால் 40 மில்லிவோல்ட் என்றால் 40 மில்லி ஓம். மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வர வேண்டும். முக்கோண இணைப்பில் 40, 40, 40 காட்ட வேண்டிய மோட்டார் 60, 60, 120 காட்டினால் ஒரு காயில் அறுந்திருக்கிறது.

சப்ளை இல்லாதவர்களுக்கு டிரில் மிஷின் இருக்கிறது. மோட்டாரின் அடிப்பாகத்தை அசையாமல் பொருத்தி, ஷாஃப்டை டிரில்லில் மாட்டி ஒரே வேகத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஏசி வோல்ட்டை அள. 2400 கேவி (அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2400 சுற்று) மோட்டார் நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுமார் 0.3 வோல்ட் கொடுக்கும். மூன்றும் சமமாக இருக்க வேண்டும். சமமாகவே இருந்து, ஆனால் அதே ட்ரோனின் நல்ல மோட்டாரைவிடக் குறைவாக வந்தால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். சாதாரண ரக நியோடிமியம் காந்தத்தால் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்க முடியாது.

எல்லாம் தேறி, மோட்டாரைப் புது இஎஸ்சியில் சால்டர் செய்த பிறகும் பேட்டரியை நேராகச் செருகாதே. லைப்போ பேட்டரி ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும். 4எஸ் (நான்கு செல்) பேட்டரிக்கு 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்றைத் தொடராக இணை. பல்பு பளிச்சென எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் மிச்சம் இருக்கிறது, உடனே பிடுங்கு. அணைந்துவிட்டால் இஎஸ்சியின் பீப் ஒலியைக் கேள். அந்த ஒலி மோட்டார் அதிர்ந்துதான் வருகிறது. ஒரு மோட்டார் மட்டும் ஊமையாக இருந்தால் அதன் ஒயர்களையும் சால்டரையும் மறுபடி பார்.

உன் ட்ரோன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறது அல்லவா? நான்கு மோட்டார்களின் அளவுகளையும் இந்த வாரமே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வை. பழுதான நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.