முயல் வேகமாக ஓடவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய பன்னிரண்டு பக்கங்களையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 'வேகமாக ஓடியது', 'வேகமாக ஓடினாள்', 'விரைவாக ஓடிச் சென்றான்' என்று 17 இடங்களில் வருகிறது. ஆங்கிலத்தில் அந்த 17 இடங்களிலும் ஒன்பது வெவ்வேறு வினைகள் நிற்கின்றன. எலி ஓடியதும், குதிரை ஓடியதும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடியதும் உன் தமிழில் ஒரே ஓட்டமாகிவிட்டன.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் முதன்முதலில் மொழிபெயர்த்த கதையில் ஒரு குதிரை 'போல்ட்' செய்தது. போல்ட் என்றால் தாழ்ப்பாள் என்று மட்டுமே எனக்குத் தெரிந்த காலம். குதிரை எப்படித் தாழ் போடும் என்று யோசித்து, குதிரைக்காரன் லாயத்தைத் தாழிட்டான் என்று நானே சரிசெய்து எழுதிவிட்டேன். குதிரை மிரண்டு தறிகெட்டு ஓடிவிட்டது என்பதுதான் விஷயம். அச்சில் வந்தபிறகுதான் தெரிந்தது. குதிரை ஓடிப்போனபின் லாயத்தைப் பூட்டுகிறவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அதை எழுத்துக்கு எழுத்து செய்துகாட்டியவன் நான்தான்.

அந்த வெட்கத்தில்தான் இந்த வினைகளின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். போல்ட் என்பது முதலில் குறுக்குவில்லில் வைத்து எய்யும் குட்டையான, தடித்த அம்பு. தாழ்ப்பாளுக்கு அதன் வடிவம் போனது, ஓட்டத்துக்கு அது விடுபடும் விதம் போனது. 'டார்ட்' கையால் எறிகிற சிறு ஈட்டி. இரண்டும் ஆயுதம்தான், ஆனால் வாழ்ந்த வாழ்க்கை வேறு. போல்ட்டில் மிரட்சியும் தப்பிக்கும் எண்ணமும் ஏறிக்கொண்டன. டார்ட்டில் நேர்கோடும் திடீர்த்தன்மையும் தங்கின. அதனால்தான் பல்லியும் மீனும் மட்டுமல்ல, ஒரு திருட்டுப் பார்வைகூட ஆங்கிலத்தில் டார்ட் செய்யும். 'டாஷ்' என்றால் அடித்து நொறுக்குதல். அலை பாறையில் மோதுவதற்கு இன்றும் அந்தச் சொல்தான். ஓட்டமாக வரும்போது தூரம் குறைவு, அவசரம் அதிகம், போய்ச்சேர ஓர் இடம் உண்டு. மழை தூறியதும் மாடிக்கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிறோமே, அது டாஷ்.

'ஸ்காம்பர்' 17ஆம் நூற்றாண்டில் தப்பியோடுவதைக் குறித்த சொல். பயம் மெல்ல உதிர்ந்து, இன்று அது அணிலுக்கும் நாய்க்குட்டிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய துள்ளலாகிவிட்டது. 'ஸ்கரி' அப்படியல்ல. சின்னக் கால்கள், நிறைய அடிகள், உள்ளே ஒரு பதற்றம். 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதையில், கையுறையையும் விசிறியையும் கீழே போட்டுவிட்டு வெள்ளை முயல் இருட்டுக்குள் மறையும் இடத்தில் லூயிஸ் கரோல் போட்ட வினை இதுதான். இடுப்புச் சட்டையும் பைக்கடிகாரமுமாக வந்த கனவான், அந்த ஒரு வினையில் மறுபடி முயலாகிவிடுகிறார். அங்கே 'வேகமாக ஓடியது' என்று எழுதினால் கதை நகரும், கேலி செத்துப்போகும். 'ஸ்கட்டில்' நண்டுக்கும் கரப்பானுக்கும் உரியது. ஒரு மனிதனுக்கு அதைப் போட்டிருந்தால், ஆசிரியர் அவனைக் கரப்பானாகப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

'ஃப்ளிட்' பட்டாம்பூச்சிக்கும் வௌவாலுக்கும். ஆனால் ஸ்காட்லாந்தில் வீடு மாறுவதற்கும் அதே சொல். வாடகை பாக்கியை வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலிசெய்வதை பிரிட்டனில் நிலவொளியோடு சேர்த்து 'மூன்லைட் ஃப்ளிட்' என்பார்கள். நாம் 'கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம்.

இவற்றில் எதுவுமே வேகத்தின் அளவைச் சொல்லவில்லை, கவனித்தாயா? உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்தார். அதை ஸ்கரி என்று எந்த விளையாட்டு நிருபரும் எழுதமாட்டார். எலி அவரைவிட எவ்வளவோ மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் ஸ்கரி அதற்குத்தான். யாருடைய கால், என்ன காரணம், பார்க்கிறவர் கண்ணில் என்ன: இதைத்தான் அந்த வினைகள் சொல்கின்றன.

மேசைமேல் ரோஜட்டின் தெசாரஸ் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல புத்தகம். பீட்டர் மார்க் ரோஜட் மருத்துவர். 1852இல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 73. சொற்களை அகரவரிசையில் அல்லாமல் கருத்துவாரியாக அடுக்கினார், நம் நிகண்டுக்காரர்களைப் போல. உறவுக்காரர்களை ஒரே திண்ணையில் உட்காரவைத்துவிடுவார். யார் அண்ணன், யார் பங்காளி, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லமாட்டார். அதை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள அகராதியில்தான் பார்க்கவேண்டும். நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். இடப்பக்கம் ஆங்கில வினை. வலப்பக்கம் தமிழ்ச் சொல் அல்ல, அந்த வினையைச் செய்கிறவர்கள்: எலி, கடன்காரன், அலுவலகம் விட்ட குமாஸ்தா. தமிழ் பிறகு தானாக வந்தது.

அந்தத் தமிழ் பெரும்பாலும் வினையாக வராது. அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி மொழிகளை இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலம் நகரும் விதத்தை வினைக்குள் வைத்து, வழியை ஒரு சிறு ஒட்டில் தள்ளிவிடும். இன்னொரு வகை, வழியை வினையாக்கி, விதத்தை வெளியே நிறுத்தும். தமிழை அவர் இந்த இரண்டாம் வகையில்தான் சேர்த்தார். ஏறு, இறங்கு, கட, நுழை என்று வழி நம் வினையில் இருக்கிறது. விதம் அதற்கு முன்னால் சத்தமாகவோ சித்திரமாகவோ வருகிறது: குடுகுடுவென்று, விருட்டென்று, சரேலென்று, தலைதெறிக்க, விழுந்தடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக, நாலுகால் பாய்ச்சலில். ஆகவே 'அவன் டாஷ் செய்து சாலைக்குக் குறுக்கே கடைக்குள்' என்ற ஆங்கிலம், 'ஒரே ஓட்டமாகச் சாலையைக் கடந்து கடைக்குள் நுழைந்தான்' என்று மாறும். டாஷுக்கு ஒற்றை வினை தேடி ஒரு மாலைப்பொழுதை வீணாக்காதே.

பழைய சொற்களைத் தோண்டவும் வேண்டாம். தொல்காப்பிய உரியியலில் விரைவைக் குறிக்கக் 'கதழ்வு', 'துனைவு' என்று இரண்டு அழகான சொற்கள் இருக்கின்றன. இன்று 'முயல் கதழ்ந்து ஓடியது' என்று எழுதினால் முயல் புலவராகிவிடும். மறுகோடிக்கும் போய்விடாதே. வரிக்கு வரி குடுகுடு, சரசர, தடதட என்று போட்டால் பக்கம் கிலுகிலுப்பையாகிவிடும். என் கணக்கு, பத்தியில் ஒன்று. மற்ற இடங்களில் 'ஓடினான்' போதும், 'வேகமாக' தேவையே இல்லை. ஓடுகிறவன் பின்னே மெதுவாகவா ஓடுவான்?

பன்னிரண்டு பக்கத்தையும் திருத்தவேண்டாம். முதல் பக்கத்தையும், நாய் துரத்தும் அந்த ஏழாம் பக்கத்தையும் மட்டும் மறுபடி செய்து அனுப்பு. ஏழாம் பக்கத்தில் நாய்க்கு ஒரு வினை, பூனைக்கு வேறு வினை. பூனைக்கு என்ன போடுகிறாய் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்