முட்டை ஓட்டுச் செதுக்கலுக்கு வீட்டிலேயே ஒரு விளக்கு

கேள்வி: வாத்து முட்டை ஓட்டில் பூவேலை செதுக்கிப் பழகி வருகிறேன். சின்ன கிரைண்டரும் வைர முனையும்தான் கருவி. மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாததால், முக்கால்வாசி முடிந்த நேரத்தில் ஓடு பொத்துக்கொண்டு விடுகிறது. உள்ளே விளக்கு வைத்துச் செதுக்கினால் நல்லது என்கிறார்கள். மொபைல் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தேன். கண் கூசியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அதிகச் செலவில்லாமல் நானே ஒரு விளக்கு செய்துகொள்ள முடியுமா?

– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக முடியும். சாலிடர் வைக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மாலை நேரம் போதும்.

டார்ச்சில் ஒன்றும் பிடிபடாததற்குக் காரணம், வெளிச்சம் மிஞ்சிப் போனதுதான். இந்த விளக்கின் வேலை ஓட்டின் கனத்தைக் காட்டுவது. கோழி முட்டை ஓடு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மி.மீ. கனம். வாத்து முட்டை அதைவிடச் சற்றுக் கூடுதல். அதில் பாதியைச் செதுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு காகிதத் தாள் கனம்தான். அதை விரலும் சொல்லாது, பக்கத்திலிருந்து விழும் வெளிச்சமும் சொல்லாது. உள்ளிருந்து கசிந்து வரும் வெளிச்சம் சொல்லும்: மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும், கனமான இடம் மங்கி நிற்கும். வெளிச்சம் மிதமாக இருந்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படும். எனவே கூட்டிக் குறைக்க முடியாத விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் 5 மி.மீ. வெள்ளை எல்இடி ஒன்று, 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, மூன்று பென்சில் பேட்டரி பிடிக்கும் பெட்டி, மெல்லிய வயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஆகியவற்றை வாங்குங்கள். மூன்று பேட்டரியும் சேர்ந்து 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.5 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 15 மில்லிஆம்பியர். இந்த வகை எல்இடி 20 வரை தாங்கும், ஆகவே திருகை முழுவதும் திறந்தாலும் பயமில்லை. முழுவதும் மூடினால் ஒன்றரை மில்லிஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டுவதானால் ரெசிஸ்டரை 150 ஓமாக மாற்றிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் வேண்டாம். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து, பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைக்க வேண்டும். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ். இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஸ்லீவ் போடுங்கள்.

இனி வருவது பலரும் விட்டுவிடும் விஷயம். எல்இடியின் உருண்டைத் தலை வெளிச்சத்தைக் குவித்து ஒரே திசையில் பாய்ச்சும். அப்படியே உள்ளே வைத்தால் முட்டையின் உச்சியில் ஒரு பிரகாசமான வட்டம் விழும். அங்கே ஓடு மெலிந்துவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். நுண்ணிய உப்புத்தாளால் அந்தத் தலையைத் தட்டையாகத் தேய்த்து, பக்கங்களையும் பால் நிறமாகும் வரை தேய்த்துவிடுங்கள். வெளிச்சம் நாலாபுறமும் பரவும். எல்இடி ஓட்டின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாலும் இதே ஏமாற்றுதான். முட்டையின் அடியில் 7 மி.மீ. துளை போட்டு, வயரைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் எல்இடி நடுவில் நிற்கும். பிவிசி குழாய் மூடியில் விளக்கைப் பொருத்தி, அதன்மேல் முட்டையை உட்கார வைப்பவர்களும் உண்டு. செதுக்கும்போது முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கையோடு திரும்பும் நீள வயரே மேல் என்பது என் கருத்து.

வேலை தொடங்குமுன் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றில் படிப்படியாக ஆழம் கூட்டி, கடைசிப் படியில் பொத்துக்கொள்ளும் வரை செதுக்குங்கள். பின்னால் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு படியும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பொத்துக்கொள்வதற்கு முந்தைய படியின் பிரகாசம்தான் உங்கள் எல்லை. அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். திருகை எந்த அளவில் வைத்தீர்கள் என்பதையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. கழுவி ஈரம் காயாத ஓட்டில் திட்டுத்திட்டாக வெளிச்சம் ஊடுருவும், அது மெலிவு அல்ல. நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். உள்சவ்வு பாதி ஒட்டியும் பாதி உரிந்தும் இருந்தால் அங்கங்கே நிழல் விழும். தண்ணீர் கலந்த பிளீச் திரவத்தில் ஊறவைத்தால் சவ்வு கரையும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அதில் வினிகரோ ஆசிட்டோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பழுப்புக் கோழி முட்டையில் நிறம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. அதைச் சுரண்டிய உடனேயே வெளிச்சம் கூடிவிடும், ஆழம் போனதாக எண்ண வேண்டாம். ஈமு முட்டைக்கு இந்த விளக்கு அவ்வளவு தேவையில்லை. கரும்பச்சை, அதன் கீழே நீலப்பச்சை, அடியில் வெள்ளை என்று அடுக்குகளே ஆழத்தைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. வீட்டு மின்சாரத்தில் எரியும் சில மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் சுழலும் முனை நின்றுவிட்டது போலத் தோன்றக்கூடும், விரலை வைத்தால் ஆபத்து. பேட்டரி விளக்கில் இந்த மினுக்கம் கிடையாது. எந்தக் காரணத்துக்காகவும் 230 வோல்ட் பல்பை முட்டைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஆழம் செதுக்கும்வரை எல்இடி உள்ளேயே இருக்கட்டும். ஓட்டை முழுதாக ஊடுருவி வெட்டும் கட்டம் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், முனை வயரில் பட்டால் இரண்டும் போய்விடும். ஓட்டுத்தூள் மாவைப்போல் காற்றில் மிதந்து நேராக நுரையீரலுக்குப் போகும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் இல்லாமல் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள்.