செத்துப்போன லேப்டாப்: ரிப்பேரா, புதுசா? கணக்குப் போட்டு முடிவெடுப்போம்



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு மீட்டிங். பவர் பட்டனை அழுத்துறீங்க, லேப்டாப் ஆன் ஆகல. சார்ஜரை மாத்தி மாத்திச் சொருகிப் பார்க்கிறீங்க, ஒண்ணும் நடக்கல. அடுத்த அரை மணி நேரத்துல மொபைல்ல ஷாப்பிங் ஆப் திறந்திருப்பீங்க. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு பெரிய எழுத்துல கண்ணுல படும்.

இந்த இடத்துலதான் நானும் ஒரு தடவை மாட்டினேன். சிஏ பாஸ் பண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். செப்டம்பர் மாசம், டேக்ஸ் ஆடிட் சீசன். சொந்த லேப்டாப் திடீர்னு செத்துப்போச்சு. ஒரு கடையில காட்டினேன். "போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க"ன்னு சொன்னாங்க. அன்னிக்கே 58,000 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன், 12 மாச இஎம்ஐ. நாலாவது மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கையில சேமிப்பு இல்ல, நண்பன்கிட்ட கடன் வாங்கினேன். அப்புறம் ஒருநாள் பழைய லேப்டாப்பை வேற ஒருத்தர்கிட்ட காட்டினா, போனது போர்டே இல்ல. சார்ஜர் சொருகுற டிசி ஜாக்தான் போயிருக்கு. 1,200 ரூபாயில சரியாயிடுச்சு. ஊர்க் கணக்கையெல்லாம் பார்க்கிறவன், என் கணக்கைப் பார்க்கல!

அந்தத் தப்பை நீங்க பண்ணக்கூடாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல டேட்டா, அப்புறம்தான் லேப்டாப்

இது ரெண்டும் வேற வேற பிரச்சனை. சேர்த்துக் குழப்பிக்காதீங்க. ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ தனியா கழட்டுற மாதிரி இருந்தா, போர்டு செத்தாலும் டேட்டா உயிரோட இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதைக் கழட்டி ஒரு யுஎஸ்பி என்க்ளோஷர்ல போட்டா வேற கம்ப்யூட்டர்ல திறக்கலாம். விண்டோஸ்ல பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேமிச்சிருக்கும்.

ஆனா இப்ப வர்ற பல மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோடயே ஒட்டியிருக்கும், கழட்ட முடியாது. பேக்கப் இல்லைன்னா டேட்டாவுக்காகவே போர்டை ரிப்பேர் பண்ண வேண்டி வரலாம். அந்தச் செலவு லேப்டாப்புக்கான விலை இல்ல, உங்க ஃபைலுக்கான விலை. தனியா எழுதி வைங்க.

இன்னொண்ணு. உங்க லேப்டாப்புல பான் காப்பி, ஆதார் காப்பி, ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருக்கும். போர்டு வேலைக்குக் கொடுக்கும்போது எஸ்எஸ்டியைக் கழட்டி கையில வாங்கிட்டு வந்துடுங்க.

நிஜமாவே என்ன செத்துச்சு?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே நாலு விஷயம் பாருங்க.

1. வாரண்டி இருக்கா? சீரியல் நம்பரை வெச்சு கம்பெனி வெப்சைட்லயே பார்க்கலாம். இருந்தா கண்ட இடத்துல திறக்கக் கொடுக்காதீங்க.
2. அதே வாட்ஸ், அதே பின் உள்ள வேற சார்ஜர் போட்டுப் பாருங்க.
3. சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிச்சு விட்டு, திரும்பச் சொருகி ஆன் பண்ணுங்க. சில சமயம் இதுலயே உயிர் வந்துடும்.
4. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பா? எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோட இணைங்க. டிவியில படம் வந்தா போர்டு வேலை செய்யுது, பிரச்சனை டிஸ்ப்ளே பக்கம்னு அர்த்தம்.

இதுக்கும் மசியலைன்னா, ரெண்டு இடத்துல எஸ்டிமேட் வாங்குங்க. ஒண்ணு கம்பெனி சர்வீஸ் சென்டர், இன்னொண்ணு சிப் லெவல் சர்வீஸ் பண்ற தனிக்கடை. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எல்லா ஊர்லயும் ஒரு ஏரியா இருக்கும். சர்வீஸ் சென்டர்ல பெரும்பாலும் முழு போர்டையே மாத்துவாங்க. தனிக்கடையில கெட்டுப்போன சிப்பை மட்டும் மாத்தப் பார்ப்பாங்க. விலை வித்தியாசம் அதனாலதான். எஸ்டிமேட்ல மூணு விஷயம் எழுத்துல இருக்கணும்: எந்த பார்ட், எவ்வளவு ரூபாய், எத்தனை மாசம் வாரண்டி.

நான் அன்னிக்கு இந்த ரெண்டாவது எஸ்டிமேட்டை வாங்கியிருந்தா, மொத்த இஎம்ஐயும் மிச்சம்.

இப்ப கணக்கு

"புதுசோட விலையில பாதிக்குள்ள முடிஞ்சா ரிப்பேர் பண்ணு"ன்னு ஒரு ஃபார்முலா சொல்வாங்க. இதுல ஒரு ஓட்டை இருக்கு. புது லேப்டாப் 5 வருஷம் உழைக்கும். ரிப்பேர் பண்ணினது அவ்வளவு நாள் உழைக்குமா? விலையோட விலையை ஒப்பிடக்கூடாது. மாசத்தோட மாசத்தைத்தான் ஒப்பிடணும்.

மாசச் செலவு = (இப்ப ஆகுற செலவு − கடைசியில வித்தா கிடைக்கிற காசு) ÷ உழைக்கிற மாசம்

ஒரு உதாரணம். உங்க லேப்டாப்புக்கு 4 வயசு. ரிப்பேர் எஸ்டிமேட் 9,000 ரூபாய். செத்த நிலையிலயே பார்ட்ஸுக்குக் கொடுத்தா 5,000 கிடைக்கும்னு வைங்க. ரிப்பேர் பண்ணினா அந்த 5,000 கைக்கு வராது இல்லையா? அதனால அதுவும் ரிப்பேர் செலவுதான். இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

ரிப்பேர்: 9,000 + 5,000 = 14,000. 18 மாசம் ஓட்டிட்டு 4,000-க்கு விற்கிறீங்க. 10,000 ÷ 18 = மாசம் சுமார் 556 ரூபாய்.

புதுசு: 60,000. 5 வருஷம் கழிச்சு 10,000-க்கு விற்கிறீங்க. 50,000 ÷ 60 = மாசம் சுமார் 833 ரூபாய்.

வாரண்டியோட ரீஃபர்பிஷ்டு: 28,000. 3 வருஷம் கழிச்சு 4,000. 24,000 ÷ 36 = மாசம் சுமார் 667 ரூபாய்.

இங்க ரிப்பேர்தான் ஜெயிக்குது. இப்ப எஸ்டிமேட்டை 14,000-ன்னு மாத்திப் பாருங்க. ரிப்பேரும் மாசம் 833 ஆயிடும், புதுசுக்குச் சமம். அதாவது இந்த உதாரணத்துல உங்க லிமிட் 14,000. "பாதி விலை" ஃபார்முலாவை நம்பியிருந்தா 30,000 வரைக்கும் தலையாட்டியிருப்பீங்க!

இந்தக் கணக்குல உயிர்நாடி அந்த "18 மாசம்"தான். அதுல உங்களையே ஏமாத்திக்காதீங்க. பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கலைன்னா, ஹிஞ்ச் ஆடுதுன்னா, அந்தச் செலவையும் இப்பவே சேர்த்துப் போடுங்க. அதே 14,000 ரிப்பேர் 12 மாசம்தான் தாங்கும்னா, மாசச் செலவு 1,250 ஆயிடும். அப்ப புதுசுதான் மலிவு.

விண்டோஸையும் பாருங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தின பெரும்பாலான ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா கிடையாது. அப்படிப்பட்ட மெஷின்ல நெட் பேங்கிங்கும் ஆபீஸ் வேலையும் பண்றவங்க, அதுல பெரிய காசு போடாதீங்க.

"இவ்வளவு செலவு பண்ணிட்டேனே அண்ணா!"

என் மாமா பையன் கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறான். போன வருஷம் லேப்டாப் பேட்டரிக்கு 4,500, ஹிஞ்சுக்கு 3,000 செலவு பண்ணினான். ஆறு மாசத்துல போர்டு போச்சு, எஸ்டிமேட் 15,000. எனக்கு போன் பண்ணி, "இப்ப விட்டா அந்த 7,500 வீண்தானே அண்ணா?"ன்னு கேட்டான்.

"டேய், ரிப்பேர் பண்ணினா அந்த 7,500 திரும்பி வருமா?"

"வராது."

"புதுசு வாங்கினா?"

"அதுலயும் வராது."

"அப்ப அதை ஏன் கணக்குல சேர்க்கிற?"

போன காசு போனதுதான். எந்த முடிவு எடுத்தாலும் மாறாத தொகையை முடிவுக்குள்ள கொண்டு வரக்கூடாது. இனிமே போற காசு, இனிமே கிடைக்கிற மாசம், இது ரெண்டு மட்டும்தான் கணக்கு. அவன் செத்த லேப்டாப்பை பார்ட்ஸுக்குக் கொடுத்துட்டு ரீஃபர்பிஷ்டு ஒண்ணு வாங்கினான்.

புதுசுதான்னா, காசு எங்கிருந்து?

"நோ காஸ்ட் இஎம்ஐ"ல காஸ்ட் இருக்கு. ஒரே தடவையில கட்டினா 57,000, நோ காஸ்ட் இஎம்ஐன்னா மாசம் 10,000 வீதம் 6 மாசம்னு வைங்க. நீங்க விட்டுக்கொடுக்கிற அந்த 3,000 தான் வட்டி. கணக்குப் போட்டா வருஷத்துக்கு சுமார் 18% வருது. கார்டு இஎம்ஐன்னா வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் உங்க தலையில விழும். ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாது, அது வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லியிருக்கு.

இதைவிட மோசம், கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் ட்யூ மட்டும் கட்டுறது. மாசம் 3.5% வட்டின்னா, 60,000-க்கு ஒரு மாச வட்டியே 2,100. ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478 ரூபாய்.

எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கலாமா? லேப்டாப் இல்லாம சம்பளம் நின்னுடும்னா, அது எமர்ஜென்சிதான். எடுங்க, ஆனா திருப்பி நிரப்புற தேதியையும் அன்னிக்கே எழுதி வைங்க. படம் பார்க்கத்தான் லேப்டாப்னா ரெண்டு மாசம் பொறுங்க.

எல்லாரும் கேட்கிற டேக்ஸ் கேள்வி

*லேப்டாப் பில்லை ஐடிஆர்ல காட்டிக் கழிக்கலாமா?* சம்பள வருமானத்துல முடியாது. உங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் மட்டும்தான்: புது முறையில 75,000, பழைய முறையில 50,000. கம்ப்யூட்டருக்கு வருஷம் 40% தேய்மானம்ங்கிறது தொழில் வருமானத்துக்குக் கணக்கு எழுதிக் காட்டுறவங்களுக்கு.

*ஆபீஸ் வேலைக்குத்தானே?* அப்படின்னா ஆபீஸ்லயே லேப்டாப் கேளுங்க. கேட்கிறதுல தப்பே இல்ல. கம்பெனி லேப்டாப்பைப் பயன்படுத்துறதுக்கு உங்களுக்கு வரி கிடையாது.

*கம்பெனி பழைய லேப்டாப்பை நமக்கே வித்தா?* நல்ல வாய்ப்பு. வரிக்கணக்குல அதோட மதிப்பு முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் பாதியாக் குறையும். கம்பெனி 80,000-க்கு வாங்கி 3 வருஷம் முடிஞ்சா: 40,000, 20,000, 10,000. நீங்க 10,000 கொடுத்து வாங்கினா வரி இல்ல. 4,000 மட்டும் கொடுத்தா, மிச்சம் 6,000 உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். அப்பவும் லாபம்தான்.

கடைசியா ஒண்ணு

லேப்டாப் என்னைக்காவது சாகும். அது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான், தேதிதான் தெரியாது. அதனால ரிப்பேரோ புதுசோ, வேலை முடிஞ்ச அந்த மாசமே 850 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. மேல பார்த்த அந்த 833 ரூபாய் மாசச் செலவேதான் இது. 5 வருஷத்துல 51,000 ரூபாயும் வட்டியும் சேர்ந்திருக்கும். கூடவே மாசம் ஒரு தடவை பேக்கப் எடுங்க.

நான் ஆர்டி போட ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு. போன தடவை லேப்டாப் போனப்போ ரெண்டு எஸ்டிமேட் வாங்கினேன், கணக்குப் போட்டேன், ஆர்டியை உடைச்சு புதுசு வாங்கினேன். அந்த மாசம் அம்மாவோட செக்கப்புக்கு யார்கிட்டயும் கடன் கேட்கல.

இப்ப உங்க லேப்டாப் செத்துக் கிடக்குதுன்னா, இன்னிக்கு ராத்திரி எதையும் வாங்காதீங்க. நாளைக்கு ரெண்டு எஸ்டிமேட் வாங்குங்க, ஒரு பேப்பர்ல கணக்கைப் போடுங்க. எந்த முடிவு வந்தாலும் அது நீங்க எடுத்ததா இருக்கட்டும், கடைக்காரர் எடுத்ததா இருக்க வேண்டாம்.