கூடையில் நின்றுபோன ஏலக்காய்

எட்டு எம்.எம். ஏலக்காய் பாக்கெட்டைக் கூடையில் போட்டவர், பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டு ஆளே காணாமல் போகிறார். போடியிலிருந்து இணையத்தில் விற்பவர்களுக்குத் தினம் நடப்பதுதான். உலகம் முழுக்கவே இப்படித்தான்: டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லும் சராசரிப்படி, சுமார் 70 விழுக்காடு கூடைகள் இப்படி நின்றுபோகின்றன. விட்டுப்போகிறவர்களில் கணிசமானோர் விலை பார்க்க மட்டும் வந்தவர்கள். அவர்களைத் துரத்திப் பயனில்லை.

வாங்க நினைத்தும் பின்வாங்கியவர்கள் சொல்லும் முதல் காரணம், கடைசியில் ஏறும் கூடுதல் செலவு. 100 கிராம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் கூரியர் 70 ரூபாய் என்றால் தெருமுனை மளிகைக் கடை ஞாபகம் வராதா? கூரியரை விலையிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் பக்கத்துக் கடையைவிட நம் விலை கூடுதலாகத் தெரியும். 250 கிராமுக்கு மேல் கூரியர் இலவசம் என்று முதல் பக்கத்திலேயே போடுவதுதான் என் தேர்வு. பல கூரியர்களில் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம், கை கடிக்காது. செலவை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவது, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணைய விற்பனையில் தடுக்கும் 13 தந்திரங்களில் ஒன்றும்கூட.

கேஷ் ஆன் டெலிவரி புது ஆட்களின் தயக்கத்தைப் போக்கும். பார்சல் திரும்பினால் இருவழிக் கூலியும் நம் தலையில். சின்ன ஆர்டர்களுக்கு மட்டும் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகே நினைவூட்டல். மின்னஞ்சலுக்குச் செலவு குறைவு, ஆனால் நம்மூர் வாடிக்கையாளர் பார்ப்பது அபூர்வம். எஸ்.எம்.எஸ். அனுப்ப, டி.எல்.டி. எனும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தளத்தில் பதிவு, வாசக ஒப்புதல் என்று அலைச்சல். சிறு கடைக்கு வேண்டாம். செய்தி அனுப்பலாம் என்று முன்பே சம்மதித்தவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி, அன்றைக்கே, கடைக்காரர் தானே எழுதியதாக இருக்கட்டும். "கூரியர் பற்றி ஏதும் கேட்கணுமாங்க?" என்றால் பதில் வரும். மூன்றாவது செய்திக்குப் பிளாக்தான் வரும்.

தள்ளுபடி கூப்பனை நான் கடைசியில்தான் வைப்பேன். இரண்டு முறை கொடுத்தால், கூடையை விட்டுப்போனால் விலை குறையும் என்று வாடிக்கையாளர் கற்றுக்கொள்வார். ஏலக்காயில் அதைவிட நியாயமான வழி உண்டு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புத்தடியிலும் நடக்கிறது. விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். "இந்த விலை நாளை மாலை வரை" என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கடிகாரம் ஓடுவதுபோல் பொய் அவசரம் காட்டுவதும் மத்திய அரசு தடுக்கும் அந்த 13 தந்திரங்களில் அடக்கம்.

ஏலக்காய்க்குச் சொன்ன இந்தக் கணக்கு எதுவும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஒத்துவராது. மெல்லிய தோல் பழம், காத்திருக்காது. நினைவூட்டல் போய்ச் சேர்ந்து அவர் யோசித்து முடிப்பதற்குள் குலை வாடிவிடும். அதற்குக் கூடையே வேண்டாம்: வெட்டும் நாளை முன்கூட்டியே அறிவித்து, முன்பணம் வாங்கி, மதுரை, திண்டுக்கல் என்று ஒரே நாளில் போய்ச்சேரும் ஊர்களுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள்.