ஓடும் கயிறும் உறையிட்ட கையும்

சத்தியமங்கலத்தில் பிறந்து, 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பிலே மீன்பிடி பரிசல்கள் சுழல்வதைப் பார்த்து வளர்ந்த நான், நாற்பது வயதைக் கடந்த பின்னர் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்கப் புறப்பட்டபோது, என்னை முதலில் வாட்டிய சந்தேகம் காற்றைப் பற்றியதுமன்று, அலையைப் பற்றியதுமன்று. கையுறை அணிவதா வேண்டாமா என்பதே.

வேண்டாம் என்று தீர்மானித்தேன். பம்புசெட் வருமுன்னே மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பாடுபட்ட, என் அம்மாவின் தந்தையான அப்புச்சியின் காய்ப்பேறிய உள்ளங்கைகள் என் நினைவில் இருந்தன. கயிற்றை வெறுங்கையால் பற்றுவதே உழைப்புக்கு மரியாதை என்ற பிடிவாதம் அந்தக் கைகளிலிருந்து எனக்கு வந்தது.

பாய்மரப் படகோட்ட வீரர் விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றாரே, அதே இனத்தைச் சேர்ந்த, ஒருவரே ஓட்டும் சிறிய படகுதான் நான் கற்றது. ஏறக்குறைய 7 சதுர மீட்டர் பாய். ஒரு கை சுக்கான் கட்டையைப் பிடித்திருக்க, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறாகிய தாமான் மறு கையில் இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல், பின்னாலிருந்து வீசிய கடற்காற்றில் படகைத் திருப்பியபோது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படீரென்று விழுந்தது. விட வேண்டிய கயிற்றை நான் இறுகப் பற்றினேன். பிடி இறுகினால் கயிறு நிற்பதில்லை, உராய்வின் உஷ்ணந்தான் ஏறுகிறது என்பதை அந்தக் கணத்தில் கற்றேன். சுட்டுவிரலின் உட்புற மடிப்பில் வெண்மையான ஒரு கோடு தோன்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. அதில் உப்புநீர் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை நெடுநேரம் ஊற்றிக் குளிரச் செய்ததே தகுந்த சிகிச்சை. எண்ணெய் தடவுவதும் கொப்புளத்தை உடைப்பதும் கூடவே கூடாது.

ஊருக்குப் போய் அம்மாவிடம் கையைக் காட்டினேன். "கெணத்துல தூர் வாரிக் கூடை எறக்கறப்ப, உங்கப்புச்சி சாக்குத்துணி சுத்தாம கயித்தத் தொடவே மாட்டாரு கண்ணு" என்றார். கவலை வடத்தை வெறுங்கையால் பிடித்த அதே மனிதர், கைக்குள் ஓடும் கயிற்றுக்கு மட்டும் துணி சுற்றியிருக்கிறார்! எத்தனையோ ஆண்டுகள் அவர் பக்கத்தில் இருந்தும் நான் கவனிக்காத விஷயம் இது.

அன்றுமுதல் என் நியமம் இதுவே: கயிறு கைக்குள் ஓடும் வேலைக்கு உறை உண்டு, நிலைத்து நிற்கும் பொருளுக்கு இல்லை. தெங்குமரஹாடா போகும் வழியில் மாயாற்றைப் பரிசலில் கடந்தபோது, பரிசல்காரரிடம் துடுப்பைக் கேட்டு வாங்கி உறையோடு போட்டுப் பார்த்தேன். உறையின் மடிப்பு உள்ளங்கையில் உருண்டு, வெறுங்கைக்கு வராத கொப்புளம் வந்தது. அவர் கையில் எதுவும் இல்லை. அவருக்கு அது அவசியமும் இல்லை.

உறை வாங்குவோர் நனைந்தால் தளரும் என்பதை எண்ணி, உலர்ந்திருக்கையில் சற்று இறுக்கமாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். தளர்ந்த உறையைக் கப்பி கவ்விக்கொண்டால் விரலுக்கே ஆபத்து. மோதிரத்தைக் கரையிலேயே கழற்றி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்டவேலை உறை ஆரம்பக்காரருக்குத் தாராளமாகப் போதும். விலையுயர்ந்த தோலுறை உப்பில் விறைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்துங்கள். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: உறை இருக்கிறதென்ற தைரியத்தில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். காற்று வேகமெடுக்கும் வேளையில் கை திறந்தவுடன் கயிறு போய்விட வேண்டும். பாய் தளர்ந்தால் படகு தானே நிமிரும்.

கயிற்றின் ஸ்பரிசத்தால் காற்றை அறிவோம், உறை அதை மறைக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகையால் என் உறையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உரிய நுனிகளைக் கத்தரித்துவிட்டேன். முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும், கயிறு மெல்ல அதிரத் தொடங்கும்போது பாய் தளர்கிறதென்று எனக்கு அறிவிக்கவும் அவ்விரண்டு விரல்களுமே போதுமானவையாக இருக்கின்றன.