21ஆம் நாள் இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

கலியாணமாகிச் சில வருடங்கள் பிள்ளை இல்லாத வீடுகளுக்கு நாம் செல்லும்போது, பெண்ணின் கையில் ஓர் ஆய்வுகூடத் துண்டு இருப்பதைக் காண்கிறோம். அதில் புரொஜெஸ்தரோன் என்ற பெயரும் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். இலக்கம் குறைவென்றால் வீட்டுப் பேச்சே மாறிவிடுகிறது. 'இவளுக்குப் பிள்ளை தங்காதாம், ரிப்போட்டிலேயே போட்டிருக்காம்' என்பார் மாமியார். அயலும் அதையே சொல்லும். காணியையும் வீட்டையும் விட்டு வந்த பெண்ணின் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது. உண்மையில் அந்தத் துண்டு அப்படி எதையும் சொல்வதில்லை.

கருப்பையின் இரு பக்கத்திலும் இரண்டு சூலகங்கள் உள்ளன. மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்ந்து அவற்றுள் ஒன்றிலிருந்து வெளியேறும். முட்டை இருந்த இடம் மஞ்சள் நிறமாகி, புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரக்கும். பள்ளிக்கூடத்தில் மஞ்சட் சடலம் என்று படித்தது இதைத்தான். இந்த ஓமோன் இரத்தத்தோடு சென்று, கருவை ஏற்கும்படி கருப்பையின் உட்சுவரைப் பதப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் ஏறக்குறைய 14 நாளில் சுரப்பு ஓய்ந்து மாதவிடாய் வரும். ஆகவே இந்தப் பரிசோதனை கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த மாதம் முட்டை வெளியேறியதா?

பதில் சரியாக வருவதற்கு நாள் சரியாக இருக்க வேண்டும். முட்டை வெளியேறி ஒரு வாரமளவில்தான் ஓமோன் உச்சத்தில் நிற்கும். அதாவது, அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 28இல் 7 போக 21. '21ஆம் நாள் இரத்தம் கொடு' என்பது இந்தக் கணக்கில் பிறந்தது. ஆனால் எல்லாருக்கும் 28 நாள் அல்லவே! 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு முட்டை வெளியேறுவதே 21ஆம் நாளளவில்தான். அவர் 28ஆம் நாளில் இரத்தம் கொடுக்க வேண்டும். 21இல் கொடுத்தால் இலக்கம் குறைவாகவே வரும். குடலைப் பருவத்தில் நிற்கும் நெல்லைப் பார்த்து, 'கதிரைக் காணோம், விதை பிழை' என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டு பஸ் ஏறிப் போய், காசும் கட்டி, பிழையான நாளில் இரத்தம் கொடுத்து அழுதுகொண்டு திரும்புவது அதே கதைதான். நாள் ஒழுங்கில்லாமல் வருபவருக்கு வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை எடுக்க நேரலாம். வைத்தியரிடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று. இரத்தம் படும் முதல் நாளே 1ஆம் நாள். தலைமுழுகிய நாளிலிருந்து எண்ணினால் கணக்குப் பிசகிவிடும். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை.

இலக்கத்துக்கு இரண்டு அளவைகள் உண்டு. சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றும், வேறு சில லீற்றருக்கு நனோமோல் என்றும் எழுதும். முதலாவதை ஏறக்குறைய 3.2ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். ஓரிடத்தில் 10 என்றும் மற்றோரிடத்தில் 32 என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றே. மருந்தால் கூடிவிட்டது என்று மகிழவும் வேண்டாம், குறைந்துவிட்டது என்று கலங்கவும் வேண்டாம். சரியான நாளில் 3 நனோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். 10 அளவில் இருந்தால் அது தெளிவான அடையாளம். ஒரே நாளுக்குள்ளும் இந்த ஓமோன் பல மடங்கு ஏறி இறங்கும். ஆகவே 12 வந்தவர் 9 வந்தவரைவிடச் சிறந்தவர் என்றில்லை.

சரியான நாளிலும் குறைவாக வந்தால்? அந்த மாதம் முட்டை வெளியேறவில்லை என்பதே பொருள். அடுத்த மாதம் வெளியேறலாம். உணவு குறைந்து உடல் மெலிந்தாலும், பெரிய துயரமும் அலைச்சலும் வந்தாலும் முட்டை வெளியேறுவது நின்றுபோவதுண்டு. இடம்பெயர்ந்த பெண்கள் பலர் மாதவிடாய் மாறிப்போனதாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இப்படியே. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாத ஊசி போட்டவர்களுக்கு, கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஒன்பது பத்து மாதம் செல்வது வழமை. அதற்குள் பரிசோதனை செய்து மனம் உடைவானேன்? தைரொயிட் கோளாறும் காரணமாகலாம். இவற்றுள் பலவற்றுக்கு மருந்து உண்டு.

இலக்கம் நன்றாக இருந்தும் பிள்ளை இல்லையென்றால், தேட வேண்டிய இடங்கள் இன்னும் உள்ளன. கருக்குழாய் அடைபட்டிருக்கலாம். அல்லது காரணம் கணவனிடம் இருக்கலாம். பிள்ளை இல்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் அரைவாசி வரை ஆணின் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆண்களுக்கான விந்துப் பரிசோதனை எளிது. ஊசி குத்துவதுகூட இல்லை. அப்படியிருந்தும் மனைவியை நாலு தடவை இரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு, தான் ஒரு தடவையும் போகாத ஆண்களே அதிகம். இது நீதியல்ல என்று அவர்களிடம் நேரிலும் சொல்லி வருகிறோம். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒன்றாகப் போவதுதான் முறை. முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் பேசுங்கள்.

போகும்போது, கடைசி மூன்று நான்கு மாதவிடாய்களின் முதல் நாளைக் கலண்டரில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் எடுத்தது எத்தனையாம் நாள் என்பதைத் துண்டின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பையில் துண்டையும் வைத்திருந்தால், எந்த ஊருக்குப் போனாலும் புதிய வைத்தியர் முதலிலிருந்து தொடங்கத் தேவையிராது.