காரின் முன்புறச் சட்டத்தைத் திரும்பப் பொருத்தும் முறை

கட்டை வண்டிக்கு இருசு பொருத்தும் ஆசாரி முதலில் அதன் இடத்தைப் பார்க்கிறார், பிறகே இறுக்குகிறார். இருசு கோணலாக அமைந்துவிட்டால், எத்தனை உறுதியாக இறுக்கியிருந்தாலும் வண்டி நேராக ஓடாது. மாடுகளுக்கும் வீண் சிரமம். இதை நம் விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். மோட்டார் காரின் முன்புறச் சட்டத்துக்கும் இதே விதி பொருந்தும். இன்று கிராமங்களிலும் கார்கள் பெருகியுள்ளன. அவசர வேளையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் சில சமயங்களில் இக்கார்களே. ஆகவே இவ்வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் மட்டுமன்றி, வண்டியின் சொந்தக்காரரும் தெரிந்துகொள்வது நலம்.

சட்டத்தின் பயன்

லாரிக்கு அடியில் நீளவாட்டில் இரண்டு எஃகுச் சட்டங்கள் ஓடுகின்றன. இக்காலத்துச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்விதச் சட்டம் கிடையாது. தகடுகளைப் பற்றவைத்து அமைத்த உடலே பாரத்தைத் தாங்குகிறது. அதன் முன்பகுதியின் அடியில் கனமான சட்டம் ஒன்றைப் போல்ட்டுகளால் பிணைத்திருப்பார்கள். பட்டறைகளில் இதனைச் சப்பிரேம் என்றும் கிராஸ் மெம்பர் என்றும் கூறுவர். சக்கரங்களைப் பிடிக்கும் லோயர் ஆர்ம்கள் இதில் இணைகின்றன. பல கார்களில் ஸ்டீரிங் ராக்கும், எஞ்சினின் பின்புறத் தாங்கியும் இதன்மீதே அமைந்துள்ளன. பள்ளத்தில் மோதிச் சட்டம் வளைந்தாலோ, துருப்பிடித்தாலோ இதைக் கழற்ற நேரிடும். சில கார்களில் கிளட்சு மாற்றுவதற்கும் இதைக் கழற்றியாக வேண்டும்.

முன்னேற்பாடு

திரும்பப் பொருத்தும் வேலை கழற்றும்போதே ஆரம்பமாகிறது. சட்டம் உடலோடு சேரும் இடங்களில் பெயிண்டினால் அடையாளம் இட வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீரிங் சுழலாதபடி பூட்ட வேண்டும். காற்றுப்பை உள்ள கார்களில் ஸ்டீரிங் சக்கரத்தின் அடியில் நாடா போன்ற மின்கம்பி ஒன்று சுருண்டிருக்கும். தண்டு பிரிந்திருக்கும்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டால், பின்னர் அக்கம்பி அறுந்துபோகக்கூடும். பாட்டரியின் இணைப்பையும் முன்னரே எடுத்துவிட வேண்டும்.

கெட்டியான சமதளத்தில், உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் புகுதல் ஆகாது. எஞ்சினின் தாங்கி சட்டத்தில் இருக்குமாயின், எஞ்சினை மேலிருந்து தாங்குவதற்குக் குறுக்குக் கம்பியும் சங்கிலியும் அவசியம்.

கழற்றிய சட்டத்தைத் துலக்கி, பற்றவைத்த இடங்களில் வெடிப்பும், போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் துருவும் உண்டா என்று பார்க்க வேண்டும். வளைந்த சட்டத்தை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவது தவறு; காய்ச்சிய எஃகு பலம் குன்றலாம். ஒருமுறை இறுக்கிய போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்தலாகாது என்று தயாரிப்பாளர் விதித்திருந்தால், புதியவற்றையே வாங்க வேண்டும்.

இடமும் இறுக்கமும்

சட்டத்தைப் பலகை வைத்த ஜாக்கியின்மேல் ஏற்றி, இருவர் சேர்ந்து மெல்ல உயர்த்துவது உசிதம். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே சில சுற்றுகள் ஏற்ற வேண்டும். ஒரு போல்ட்டு முரண்டினால் வெளியே எடுத்து மீண்டும் முயல வேண்டும். பலவந்தமாகத் திருகினால் மரை கெடும். அந்த நட்டு உடலுக்குள் பற்றவைத்ததாக இருந்தால், தகட்டை அறுத்துத்தான் சரிசெய்ய நேரும்.

பிறகு பழைய அடையாளங்கள் ஒன்றுசேருமாறு சட்டத்தை நகர்த்த வேண்டும். சில கார்களில் இதற்கென வழிகாட்டித் துளைகள் உண்டு. அவற்றில் குச்சியைச் செலுத்தி இடத்தை நிர்ணயிக்கலாம். சட்டம் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும், ஒரு சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே தள்ளப்படும். மற்றதன் அடிப்பாகம் உள்ளே இழுக்கப்படும். விளைவாக வண்டி ஒருபுறம் இழுக்கும். டயரும் ஓரத்தில் தேயும்.

இடம் சரியான பின்பே இறுக்க வேண்டும். அதற்கு டார்க் ரெஞ்ச் என்னும் அளவுத் திருகி தேவை. 1 மீட்டர் நீளமுள்ள கைப்பிடியைக் கிடையாகப் பிடித்து, அதன் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு சுமார் 98 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை முறுக்கு என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் உண்டு. குறைந்தால் போல்ட்டு தளரும். மிகுந்தால் நீண்டு முறியும்.

ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை மட்டும், சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் அவற்றின்மேல் இறங்கிய நிலையில் இறுக்க வேண்டும். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, விரைவில் கிழிந்துபோகும். அவசரத்தில் பலர் தவறவிடுவது இதுவே.

கடைசிச் சோதனை

ஸ்டீரிங் தண்டின் இணைப்புப் போல்ட்டு, பால் ஜாயிண்ட் நட்டுகள், சக்கர நட்டுகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்வையிட வேண்டும். இவற்றுள் ஸ்டீரிங் போல்ட்டு கழன்றால் ஓட்டுபவரின் கையில் வண்டி நில்லாது. பின்னர் சக்கரங்களின் நேர்மையை அளவிடும் வீல் அலைன்மெண்ட் செய்து, மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டியைத் திரும்பப் பெறும் அன்பர்கள் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்: அடையாளப்படி பொருத்தினீர்களா? அளவுத் திருகியால் இறுக்கினீர்களா? புஷ்களை வண்டி தரையில் நின்றபின் இறுக்கினீர்களா? அலைன்மெண்ட் பார்த்தீர்களா? நல்ல தொழிலாளி இக்கேள்விகளை வரவேற்பார். பஞ்சாயத்து அங்கத்தினர்கள், மோட்டார் வேலையில் நாட்டமுள்ள தம் ஊர் இளைஞர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்ப ஊக்குவிப்பார்களாயின், இத்தகைய வேலையை முறைப்படி செய்யும் பட்டறை நாளடைவில் உள்ளூரிலேயே அமையும்.